கிரீன் பே பேக்கர்ஸ் சீசன் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஸ்கான்சினுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்கள் முதல் இலையுதிர் காலத்திலேயே ஒன்றைக் கவனித்துவிடுவார்கள். ஞாயிறு மதியம் கடைகள் வெறிச்சோடிக் கிடக்கும். திங்கள் காலை ஆபீசில் எல்லாரும் ஒரே மேட்சைப் பற்றிப் பேசுவார்கள்: கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மேட்ச். பிறகு பழைய சீசன்களின் பட்டியலை எடுத்துப் பார்ப்பார்கள். நூறு வருஷத்துக்கும் மேலான எண்கள் அதில் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்து என்னிடம் கேட்ட கேள்விகளை, கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வெற்றி பெற்ற வருஷங்களை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள் என்பதுதான் எல்லாரிடமும் நான் சொல்வது.

அண்ணா, இந்த கிரீன் பே எங்க இருக்கு? பெரிய ஊரா?

மிச்சிகன் ஏரியின் ஒரு விரிகுடா முனையில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1,07,000. என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீகில் உள்ள 32 அணிகளில் இவ்வளவு சின்ன ஊரில் வேறு அணி கிடையாது. 1920களில் இதுபோல எத்தனையோ சிற்றூர் அணிகள் லீகில் இருந்தன. இன்றுவரை நிலைத்தது இது ஒன்றுதான்.

13-3, 10-3-1னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

முதல் எண் வெற்றி, இரண்டாவது தோல்வி, மூன்றாவது இருந்தால் டிரா. இது லீக் சுற்றுக் கணக்கு மட்டும்தான். பிளேஆஃப் மேட்சுகள் இதில் சேராது. ஐபிஎல்லில் புள்ளிப் பட்டியல் தனி, பிளேஆஃப் தனி என்பது போலத்தான். ஆனால் இங்கே பிளேஆஃபில் தோற்றால் இரண்டாவது வாய்ப்பே இல்லை. ஒரு தோல்வி, சீசன் முடிந்தது.

மொத்த மேட்சுகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1960 வரை 12 மேட்ச், 1961 முதல் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. வீரர்கள் வேலைநிறுத்தம் செய்த 1982-ல் 9 மேட்சும் 1987-ல் 15 மேட்சும்தான் நடந்தன. 1947-க்கு முந்தைய ஆரம்ப காலத்தில் ஒரே சீசனில் ஆளுக்கொரு எண்ணிக்கையில் ஆடியதும் உண்டு. ஆகவே 1962-ன் 13-1-ஐயும் 2021-ன் 13-4-ஐயும் வெற்றி எண்ணை மட்டும் பார்த்துச் சமமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1966 சாம்பியனா, 1967 சாம்பியனா? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கே?

சீசன் செப்டம்பரில் தொடங்கி அடுத்த வருஷத்தில் முடிகிறது. பெயர் தொடங்கிய வருஷத்தின் பெயர். சீசனின் கடைசிப் பட்டப் போட்டியான சூப்பர் பவுல் முதன்முதலாக நடந்தது 1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சலஸில். பேக்கர்ஸ் கான்சாஸ் சிட்டியை 35-10 என்று வென்றார்கள். ஆனால் அது 1966 சீசனின் பட்டம். அதேபோல 2011 பிப்ரவரியில் வென்றது 2010 சீசனுக்குரியது. இந்தப் பக்கத்தில் நான் எழுதும் வருஷமெல்லாம் சீசன் வருஷம். மேட்ச் நடந்த தேதியைச் சொல்லும்போது மாதத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

13 பட்டம்னு சொல்றாங்க, ஆனா சூப்பர் பவுல் 4 தான். எது சரி?

இரண்டும் சரி. சூப்பர் பவுல் பிறந்ததே 1966 சீசனில். அதற்கு முன் நாற்பத்தாறு சீசன் லீக் நடந்திருக்கிறது, சாம்பியன்களும் இருந்திருக்கிறார்கள். பேக்கர்ஸ் வென்ற சீசன்கள்: 1929, 1930, 1931, 1936, 1939, 1944, 1961, 1962, 1965, 1966, 1967, 1996, 2010. இவற்றில் 1966, 1967, 1996, 2010 நான்கும் சூப்பர் பவுல். வேறு எந்த அணியும் 13 பட்டத்தைத் தொடவில்லை. பழைய பட்டங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறவர்களோடு நான் எப்போதும் வாதாடுவேன். அன்றைக்கு இருந்த லீகில், இருந்த அத்தனை பேரையும் வென்றுதான் அவற்றை எடுத்தார்கள்.

இந்த டீமுக்கு முதலாளி யாரு?

தனி முதலாளி கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். லாபப் பங்கு கிடையாது, பங்கை வெளியில் லாபத்துக்கு விற்கவும் முடியாது. கையில் கிடைப்பது ஒரு சான்றிதழும் வருடாந்தரக் கூட்டத்தில் ஒரு ஓட்டும். பல வீடுகளில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

பங்கு விற்பனை இதுவரை ஆறு முறை நடந்திருக்கிறது: 1923, 1935, 1950, 1997, 2011, 2021. முதல் மூன்றும் அணியைச் சாவிலிருந்து மீட்டவை. 1923-ல் ஒரு பங்கு 5 டாலர். 1935 விற்பனைக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1931-ல் ஒரு பார்வையாளர் கேலரியிலிருந்து கீழே விழுந்து வழக்குப் போட்டு வென்றார். அணியின் காப்பீட்டு நிறுவனமோ ஏற்கெனவே திவாலாகியிருந்தது. மூன்று முறை தொடர்ந்து சாம்பியனான அணி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போய், 15,000 டாலர் பங்குப் பணத்தில் மீண்டு வந்தது. இன்றைய லீக் விதிகள் இப்படி ஊரே சொந்தம் கொண்டாடும் அணிக்கு இடம் தருவதில்லை. பழைய அணி என்பதால் இதற்கு மட்டும் விலக்கு.

1919-ல 10-1னு இருக்கு. அதை ஏன் சிலர் சேர்க்கறதில்லை?

அணி பிறந்தது 1919 ஆகஸ்டில். கர்லி லம்போ என்ற இளைஞரும் பத்திரிகைக்காரர் ஜார்ஜ் கல்ஹூனும் சேர்ந்து தொடங்கினார்கள். லம்போ வேலை பார்த்த இண்டியன் பேக்கிங் என்ற இறைச்சி டப்பா கம்பெனி சீருடைக்கு 500 டாலர் தந்தது. ‘பேக்கர்ஸ்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். முதல் இரண்டு சீசன் சுற்றுவட்டார ஊர் அணிகளோடு ஆடியவை. 1919-ல் ஒரே தோல்வி பெலாய்ட் ஊர் அணியிடம்.

லீகில் சேர்ந்தது 1921-ல். அதனால் லீக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த முதல் சீசனிலேயே கல்லூரி வீரர்களைத் திருட்டுத்தனமாக ஆட வைத்ததற்காக அணியின் உரிமம் பறிபோனது. லம்போ பணம் கட்டி 1922-ல் திரும்பப் பெற்றார். வரலாறு அங்கேயே முடிந்திருக்கவும் கூடும்.

ஃபைனலே இல்லாம 1929-ல எப்படி சாம்பியன் ஆனாங்க?

1932 வரை ஃபைனல் என்று ஒன்று திட்டமிடப்படவில்லை. பட்டியலில் முதலிடம் பிடித்தவர் சாம்பியன். 1929-ல் பேக்கர்ஸ் 12-0-1. நியூயார்க் ஜயன்ட்ஸ் 13-1-1. ஜயன்ட்ஸின் அந்த ஒரே தோல்வி பேக்கர்ஸிடம், 20-6. ஆகவே அது ஃபைனல் இல்லாத பட்டம் என்றாலும், மோத வேண்டியவர்கள் நேருக்கு நேர் மோதித் தீர்த்த பட்டம்தான்.

அப்போ 1932-ல 10 மேட்ச் ஜெயிச்சும் ஏன் பட்டம் இல்லை?

என்னிடம் வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. அந்த சீசனில் பேக்கர்ஸ் 10-3-1. சிகாகோ பேர்ஸ் 6-1-6, போர்ட்ஸ்மவுத் ஸ்பார்ட்டன்ஸ் 6-1-4. அன்றைய விதிப்படி டிராவைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். 6-1 என்பது 10-3-ஐ விட உயர்ந்த விகிதம். எனவே பேர்ஸும் ஸ்பார்ட்டன்ஸும் முதலிடத்தைப் பகிர்ந்து, தங்களுக்குள் ஒரு கூடுதல் மேட்ச் ஆடிக்கொண்டார்கள். பேர்ஸ் வென்றது.

1972 முதல் டிராவை அரை வெற்றியாக எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கை 1932-க்குப் போட்டுப் பாருங்கள்: பேக்கர்ஸ் 0.750, ஸ்பார்ட்டன்ஸ் 0.727, பேர்ஸ் 0.692. தொடர்ந்து நான்காவது பட்டம் வந்திருக்கும். அன்றைய விதி எல்லாருக்கும் பொதுவானது, அதனால் யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் பட்டியலில் அந்த வரியைத் தாண்டும்போது எனக்கு மனசு உறுத்தும்.

லம்போ இவ்வளவு பெரிய ஆளுன்னா கடைசியில ஏன் 2-10?

லம்போ கோச்சாக இருந்த அணிக்கு 1935-ல் டான் ஹட்சன் வந்தார். பந்தைத் தூக்கி வீசுவதே அரிதாக இருந்த காலத்தில் ஓடிப் போய்ப் பிடிப்பதை ஒரு கலையாக்கியவர். 1942-ல் மட்டும் 17 டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி) பிடித்தார். 1945-ல் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒரே கால் பகுதியில் 29 புள்ளி எடுத்தார். 1936, 1939, 1944 பட்டங்கள் அவர் காலத்தில் வந்தவை. 1945-ஓடு அவர் ஓய்வு பெற்றார். போட்டி லீக் ஒன்று முளைத்து வீரர்களின் சம்பளம் ஏறியது, சின்ன ஊரின் கையில் காசில்லை. 1948-ல் 3-9, 1949-ல் 2-10. 1949 நன்றி நவிலல் நாளில் தங்களுக்குள்ளேயே ஒரு மேட்ச் ஆடி நிதி திரட்ட வேண்டிய நிலை. லம்போ 1950 தொடக்கத்தில் விலகினார். 1950-ன் பங்கு விற்பனை இந்தச் சூழலில்தான் வந்தது.

1958-ல 1-10-1, மூணே வருஷத்துல சாம்பியன். ஆளுங்களை எல்லாம் மாத்திட்டாங்களா?

இல்லை, அதுதான் ஆச்சரியம். பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ச்கி, ஃபாரஸ்ட் கிரெக், ஜெர்ரி கிரேமர் ஆகியோர் அந்த மோசமான 1958 அணியிலேயே இருந்தவர்கள். ஆறு பேரும் பிற்பாடு புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, 1956-ல் ஸ்டாரை எடுத்ததே பதினேழாவது சுற்றில்தான். வேறு எந்த அணிக்கும் அவர் வேண்டியிருக்கவில்லை.

1959-ல் வின்ஸ் லொம்பார்டி கோச்சாக வந்தார். அவர் கொண்டுவந்தது புதுப்புது தந்திரங்கள் அல்ல. ‘ஸ்வீப்’ என்ற ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவரிசையில் நிற்கும் இரண்டு காவல்காரர்கள் தங்கள் இடத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடி வழி திறக்க, பந்து வைத்திருப்பவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வருவார். எதிரணிக்கும் தெரியும், மைதானத்தில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். ஒரு காலடி பிசகாத வரை அதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தார்கள். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 1959-ல் 7-5. 1960-ல் 8-4 எடுத்து ஃபைனலில் ஃபிலடெல்ஃபியாவிடம் 17-13 தோல்வி. லொம்பார்டி பேக்கர்ஸில் பிளேஆஃபில் தோற்றது அந்த ஒரு முறைதான். 1961-ல் ஜயன்ட்ஸை 37-0 என்று வீழ்த்திப் பட்டம். 1962-ல் 13-1, மீண்டும் பட்டம்.

1967-ல 9-4-1 தானே? அதை ஏன் இவ்வளவு கொண்டாடறாங்க?

லீக் எண்ணிக்கையைப் பார்த்தால் லொம்பார்டியின் சாதாரண சீசன்களில் ஒன்று. அது நினைக்கப்படுவது 1967 டிசம்பர் 31-க்காக. டல்லஸ் கவ்பாய்ஸோடு லீக் ஃபைனல், கிரீன் பேயில், மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். புல்தரைக்கு அடியில் பதித்திருந்த சூடாக்கும் கம்பிகள் கைவிட்டன, தரை கல்லாக இறுகியது. நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டி உறைந்தது. அதற்குப் பிறகு வாயாலேயே கத்தி மேட்சை நடத்தினார்கள்.

17-14 என்று பின்தங்கி, நான்கு நிமிஷம் 50 வினாடி மிச்சமிருக்கும்போது 68 கெஜ தூரத்தைக் கடக்கப் புறப்பட்டார்கள். 16 வினாடி இருக்கும்போது கோட்டுக்கு ஒரு கெஜம்கூட இல்லை. இடைவேளை கேட்கும் உரிமையும் தீர்ந்திருந்தது. ஸ்டார் பந்தை யாருக்கும் கொடுக்காமல், கிரேமர் திறந்த இடுக்கில் தானே பாய்ந்தார். 21-17. இரண்டு வாரத்தில் இன்னொரு லீகின் சாம்பியனான ஓக்லண்டை 33-14 என்று வென்று இரண்டாவது சூப்பர் பவுலும் கிடைத்தது. 1929-31 போல மறுபடியும் மூன்று தொடர் பட்டங்கள்.

அந்த மைதானத்தின் பெரும்பகுதியில் இன்னும் அலுமினிய பெஞ்சுதான். டிசம்பர் மேட்சுக்குப் போனால் காலுக்கடியில் போட ஒரு அட்டைப் பெட்டித் துண்டு எடுத்துப் போங்கள். கான்கிரீட்டின் குளிர் பூட்ஸைத் துளைத்து ஏறும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து இருக்கையில் இருந்த பாட்டி. தன் அட்டையைப் பாதி கிழித்துக் கொடுத்தார்.

1968-லேர்ந்து 1991 வரைக்கும் ஒண்ணுமே இல்லையே, அதைத் தாண்டிடலாமா?

தயவுசெய்து தாண்டாதீர்கள். 24 சீசனில் பிளேஆஃபுக்குப் போனது இரண்டே முறை, 1972-லும் 1982-லும். கோச்சுகள் மாறினார்கள். ஸ்டாரே 1975 முதல் ஒன்பது சீசன் கோச்சாக இருந்து பார்த்தார். 52 வெற்றி, 76 தோல்வி. 1974-ல் ஜான் ஹாடில் என்ற வயதான குவார்ட்டர்பேக்குக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்), புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து உயர்சுற்று வாய்ப்புகளைக் கொடுத்துவிட்டார்கள். 1975, 1976 இரண்டு வருஷங்களின் விதைநெல்லை ஒரே நாளில் விற்ற மாதிரி. ஸ்டார் பொறுப்பேற்றபோது களஞ்சியம் காலி.

ஆனால் கிரீன் பே மைதானத்தில் 1960-லிருந்து டிக்கெட் தீராத சீசன் கிடையாது. 4-12 வந்த 1986, 1988, 1991 வருஷங்களிலும் ஜனங்கள் வந்தார்கள். முதலாளி ஒருவர் இருந்திருந்தால் அந்த இருபத்து நான்கு வருஷத்தில் அணியைப் பெரிய நகரத்துக்கு ஓட்டிக்கொண்டு போயிருப்பார் என்றே நான் நம்புகிறேன். முதலாளி பற்றிய பதிலை இங்கே மறுபடி ஒருமுறை பாருங்கள்.

சில வருஷம் ஹோம் மேட்ச் மில்வாக்கீலனு இருக்கு, தப்பா?

தப்பில்லை. 1933 முதல் 1994 வரை வருமானத்துக்காகச் சில ஹோம் மேட்சுகளை மில்வாக்கியில் ஆடினார்கள். 1939 ஃபைனலே அங்கேதான் நடந்தது. 1995 முதல் எல்லாம் கிரீன் பேயில்.

ஃபார்வ் வந்ததுல அப்படி என்ன மாறுச்சு?

1991 இறுதியில் ரான் உல்ஃப் பொது மேலாளரானார். மைக் ஹோம்கிரனை கோச்சாக எடுத்தார். அட்லாண்டாவில் உட்கார்ந்திருந்த பிரெட் ஃபார்வுக்காக ஒரு முதல் சுற்று வாய்ப்பையே கொடுத்தார். 1992 செப்டம்பர் 20 அன்று, காயம்பட்ட குவார்ட்டர்பேக்குக்குப் பதில் இறங்கிய ஃபார்வ், 13 வினாடி மிச்சத்தில் வீசிய பந்தில் சின்சினாட்டியை 24-23 என்று வென்றார். அடுத்த வாரம் தொடங்கி 2007 வரை ஒரு லீக் மேட்சுக்குக்கூட அவர் தொடக்க ஆட்டக்காரராக இல்லாமல் இருந்ததில்லை. 253 மேட்ச். 1993-ல் ரெஜி வைட் வந்து சேர்ந்ததும் தற்காப்பும் பலமானது. 1996-ல் 13-3, நியூ இங்கிலாந்தை 35-21 என்று வென்று, 29 சீசன் கழித்துப் பட்டம்.

10-6 எடுத்த 2010-ல கப்பு, 15-1 எடுத்த 2011-ல ஒண்ணுமில்லை. எப்படி?

முதலில் சொன்ன ஒரே தோல்விக் கணக்குதான். 2010-ல் கடைசி இரண்டு மேட்சையும் வென்றால்தான் உள்ளே போக முடியும் என்ற நிலை. வென்று, ஆறாவது இடத்தில் நுழைந்து, ஃபிலடெல்ஃபியா, அட்லாண்டா, சிகாகோ என்று மூன்று எதிரி மைதானங்களிலும் ஜெயித்து, ஃபைனலில் பிட்ஸ்பர்கை 31-25 என்று வீழ்த்தினார்கள். அடுத்த சீசனில் முதல் 13 மேட்சும் வெற்றி. குவார்ட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் உச்சத்தில் இருந்தார். பிளேஆஃபின் முதல் மேட்சிலேயே, சொந்த மண்ணில், ஜயன்ட்ஸிடம் 37-20. எந்த அணி சிறந்தது என்று கேட்டால் 2011 என்பேன். எந்த சீசன் சிறந்தது என்றால் 2010.

முப்பது வருஷம் ரெண்டு ஜாம்பவான் குவார்ட்டர்பேக் இருந்தும் ரெண்டே கப்பா?

ஆமாம், இது ஊருக்கே ஆறாத புண். 1992 முதல் 2022 வரை, சூப்பர் பவுலுக்கு முந்தைய படியான தேசிய பிரிவின் ஃபைனலை ஒன்பது முறை ஆடி மூன்று முறைதான் வென்றார்கள். 1997-ல் சூப்பர் பவுல் வரை போய் டென்வரிடம் 31-24 தோல்வி. 2014-ல் சியாட்டிலில் பாதி மேட்சில் 16-0 என்று முன்னிலை. கூடுதல் நேரத்தில் 28-22 தோல்வி. 2020-ல் டாம்பாவுக்கு எதிராக 8 புள்ளி பின்தங்கி, கோட்டுக்கு 8 கெஜத்தில் நின்றபோது, கோச் மேட் லாஃப்ளூர் 3 புள்ளி உதையைத் தேர்ந்தெடுத்தார். பந்து திரும்பக் கைக்கு வரவே இல்லை. 31-26. அந்த முடிவு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ராட்ஜர்ஸ் போனப்புறம் மறுபடி வறட்சிதானா?

இதுவரை இல்லை. புது குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ், ராட்ஜர்ஸைப் போலவே மூன்று வருஷம் பெஞ்சில் காத்திருந்து வந்தவர். 2023-ல் 9-8, ஏழாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் நுழைந்து டல்லஸை அதன் மண்ணில் 48-32 என்று வென்றார்கள். ஏழாவது இடத்து அணி பிளேஆஃபில் ஜெயித்தது லீகில் அதுவே முதல்முறை. 2024-ல் 11-6, பிரேசிலில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றுத் தொடங்கிய சீசன், அதே அணியிடம் பிளேஆஃபில் தோற்று முடிந்தது.

பழைய மேட்ச் ஒண்ணே ஒண்ணு பார்க்கணும்னா எந்த சீசன்?

எல்லாரும் 1967 என்பார்கள். நான் 1983 என்பேன். பட்டியலில் வெறும் 8-8, பிளேஆஃப் இல்லை, ஸ்டாரின் கடைசி சீசன். அந்த அக்டோபர் 17, திங்கள் இரவு, நடப்பு சாம்பியன் வாஷிங்டன் கிரீன் பேக்கு வந்தது. இரு பக்கமும் யாராலும் யாரையும் தடுக்க முடியவில்லை. 48-47 என்று பேக்கர்ஸ் முன்னிலையில் இருக்க, கடைசி வினாடிகளில் வாஷிங்டனின் மார்க் மோஸ்லி 39 கெஜத்திலிருந்து உதைக்க வந்தார். முந்தைய சீசனில் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதே வாங்கியவர் அவர். பந்து கம்பத்துக்கு வெளியே போனது.